மதிலுக்குக் கீழை இருந்து வந்த ஓடு

இத்தாலியிலை, பலேர்மோவிலை இருக்கிற எங்கட ஆக்கள் என்னைப் பற்றிக் கதைக்கேக்கை, "அவ யூனிவேர்சிற்றியிலை சட்டி பானை கழுவுறவ" எண்டுதான் சொல்லுறவை. பிழையில்லை. நான் கழுவினது சட்டி பானைதான். ஆனா அதிலை ஆரும் நேற்று மத்தியானம் சாப்பிடேல்லை, கிறிஸ்து பிறக்கிறதுக்கு முந்திச் சாப்பிட்டவை. இதை விளங்கப்படுத்த வெளிக்கிட்டால், "ஓ, பழஞ்சட்டியே" எண்டு முகத்தைச் சுளிப்பினம். என்ர மனுசனே துறைமுகத்திலை சாமான் ஏத்தி இறக்கிப்போட்டு வந்து, "உனக்கென்ன, உடைஞ்சதைத்தானே கழுவுறாய், கை தவறினாலும் ஒருத்தரும் ஏசமாட்டினம்" எண்டு பகிடி பண்ணுவார். ஏச்சு வாங்கினது எனக்கெல்லோ தெரியும்.

நான் வேலையாலை விலத்தின கிழமை பலேர்மோவின்ர பழைய பகுதியான கால்சாவிலை இருக்கிற எங்கட களஞ்சியத்துக்கு ஒரு மெசின் வந்தது. உடைஞ்ச பானை ஓட்டுத் துண்டை அதுக்கு முன்னாலை வைச்சால் சுத்திச் சுத்திப் படமெடுத்து, முழுப்பானை எப்பிடி இருந்திருக்கும் எண்டு கொம்பியூட்டரிலை கீறிக் காட்டுது. நல்ல மெசின், நான் குறை சொல்லேல்லை. ஆனா அங்கை வேலை செய்யிற பெட்டையள் ஓட்டை மெசினிலை வைக்கேக்கை, அதோடை வந்த சீட்டை அங்காலை தள்ளி வைக்கினம். நான் ஓடிப்போய்ச் சீட்டைப் பிடிச்சன். "சீட்டை விலத்தாதேங்கோ" எண்டன். "ஏன் புவனா, இவ்வளவு பயப்பிடுறாய்?" எண்டு கேட்டவை. பிரியாவிடைச் சாப்பாட்டிலை அரஞ்சீனா எண்ட பொரிச்ச சோத்துருண்டையைக் கையிலை வைச்சுக்கொண்டு அரைவாசிக் கதைதான் சொல்ல முடிஞ்சுது. இப்ப எங்கட சங்கத்து மலருக்கு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு ஆக்கினை பண்ணுகினம். அதாலை மிச்சத்தையும் சேர்த்து இஞ்சை எழுதிறன்.

நான் தொல்பொருள் படிச்சவள் இல்லை. யாழ்ப்பாணத்திலை இருந்து வந்த புதுசிலை, கால்சாவிலை ஒரு வயதான அம்மாவைப் பார்க்கிற வேலை கிடைச்சுது. அந்த அம்மாவின்ர மகள்தான் எல்வீரா. நான் மரியாதையாச் சிஞோரா எண்டுதான் கூப்பிடுறது. யூனிவேர்சிற்றியிலை பேராசிரியர். மண்ணுக்குக் கீழை புதைஞ்சு கிடக்கிற ஊர்களைத் தோண்டிப் பார்க்கிறது அவவின்ர தொழில். அம்மா கண்ணை மூடினாப் பிறகு, நான் சாவியைக் குடுக்கப் போன அண்டைக்கு, "புவனா, உனக்குப் பொறுமை இருக்கு. ஓடு கழுவ வாறியே?" எண்டு கேட்டா. எனக்குப் பொறுமை இல்லையெண்டு என்ர வீட்டிலை சுவருக்கும் தெரியும். ஆனா பெர்மெஸ்ஸோவை, இஞ்சை இருக்கிற விசாவைப் புதுப்பிக்க ஒரு ஒழுங்கான வேலை வேணும். ஓம் எண்டு சொன்னன்.

வேலை பழகின வருசங்களைப் பற்றி எழுத என்ன இருக்கு. கோடையிலை எல்லாரும் மொண்டெல்லோவிலை கடலுக்கை கிடப்பினம், நாங்கள் சிசிலி மலையளிலை வெயிலுக்கை ஓடு பொறுக்குவம். குளிர்காலத்திலை களஞ்சியத்திலை இருந்து கழுவுவம். வெறும் கழுவல் எண்டு நினைக்காதேங்கோ. ரெண்டு வாளி, ஒரு மெல்லிய தூரிகை. முதல்லை உடைஞ்ச ஓரத்தைத்தான் தேய்க்கோணும். நிறம் பூசின முகத்தைத் தேய்ச்சால் கதை முடிஞ்சுது. சாம்பல் நிற ஓட்டைத் தண்ணியிலை ஊறவிடக்கூடாது. நிழலிலை காயவைக்கோணும். எல்லாத்துக்கும் மேலாலை, ஒரு பை முடியாமல் மற்றப் பையைத் திறக்கப்படாது. பையோடை ஒரு சீட்டு வரும். எந்தக் குழி, எந்த அடுக்கு எண்டு அதிலை இருக்கும். ஓடு பாயிலை காயேக்கை அந்தச் சீட்டும் பக்கத்திலை ஒரு கல்லுக்குக் கீழை இருக்கோணும். சீட்டில்லாத ஓடு, ஊர் பேர் இல்லாத பிணம் மாதிரி. வைச்சு அழத்தான் ஏலும்.

சிஞோரா ஓட்டைக் கையிலை எடுத்தாலும் முதல்லை பார்க்கிறது சீட்டைத்தான். எவ்வளவு வடிவான துண்டெண்டாலும் அவவின்ர கண் அதிலை போகாது. சீட்டை வாசிச்சு முடிச்சாப் பிறகுதான் திருப்பிப் பார்ப்பா. சத்தம் போட்டு நான் கண்டதில்லை. ஆனா கோவம் வந்தால் மரியாதை கூடும். "நீ" எண்டு கதைக்கிறவ திடீரெண்டு "நீங்கள்" எண்டு துவங்கினால், எங்கையோ பெரிய பிழை நடந்திட்டுது எண்டு அர்த்தம். தன்ர கோப்பையைத் தானே கழுவுவா. வாளித் தண்ணியையும் தானே மாத்துவா. ஒருக்கா மாணவன் ஒருத்தன் "புவனா, தண்ணி" எண்டு கையை நீட்டினதுக்கு, அவ எழும்பிப்போய் அவனுக்கு வாளி தூக்கிக்கொண்டு வந்து வைச்சா. பெடியன் அதுக்குப் பிறகு எனக்குப் பின்னாலையும் முன்னாலையும் வாளியோடைதான் திரிஞ்சவன்.

இனி வடஇந்தியாவுக்கு வாறன். சிஞோரா இளம் வயசிலை அங்கை ஒரு மண்மேட்டிலை வேலை செய்தவ. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவிலை, வத்திப்போன ஒரு ஆத்துக்குப் பக்கத்திலை எழும்பி நிக்கிற மேடு. உள்ளுக்கை ஒரு பழைய நகரம், அதைச் சுத்தி சுடாத மண் கல்லாலை கட்டின பெரிய கோட்டை மதில். அந்த மதில் சரியான பழசு, சாம்பல் நிறத்திலை கறுப்புக் கோடு போட்ட மெல்லிய பாத்திரம் பாவிச்ச ஆக்கள்தான் அதைக் கட்டினவை எண்டு அவ ஒரு புத்தகம் எழுதினவ. அந்தப் புத்தகத்தாலைதான் அவவுக்குப் பேர் வந்தது. இல்லை, மதில் கனகாலம் பிந்தினது, கண்ணாடி மாதிரி மினுங்கிற கறுப்புப் பாத்திரம் பாவிச்ச பிற்கால ஆக்களின்ர வேலை எண்டு வேறை ஆக்கள் சொன்னவை. பென்சன் எடுக்கிறதுக்கு முந்தி ஒருக்காப் போய் மதிலின்ர அடியை வெட்டிப் பார்த்து, இதை முடிச்சு வைக்கோணும் எண்டு அவவுக்கு ஒரே பிடிவாதம். ஒரு பருவத்துக்குத்தான் அனுமதி. எங்களை விசாவுக்குக் குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை வரிசையிலை நிக்க வைக்கிற மாதிரி, இத்தாலியப் பேராசிரியரை டெல்லியிலை வரிசையிலை நிக்க வைச்சிட்டாங்கள். எனக்கு உள்ளுக்கை ஒரு சின்னச் சந்தோசம், ஏன் பொய் சொல்லுவான்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனவ. எனக்கு ஹிந்தி தெரியும் எண்டு குழுவிலை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தவை. பலேர்மோவிலை பிறந்தவனுக்கு நோர்வேப் பாசை தெரியுமோ எண்டு கேட்டன், அடங்கிட்டினம்.

எங்களோடை சேர்ந்து வேலை செய்தவர் மிஸ்ரா எண்ட அரசாங்க அதிகாரி. நல்ல மனுசன், இங்கிலீசு கதைப்பார். ஆனா மதில் பிந்தினது எண்ட கட்சி. சிஞோராவும் அவரும் தேத்தண்ணி குடிக்கேக்கை தினமும் சண்டை பிடிப்பினம், பிறகு ஒரே குடைக்குக் கீழை குழிக்குப் போவினம். ஓடு காயவைக்கிற முற்றம் என்ர பொறுப்பு. அங்கை அந்த ஊர்ப் பெண்டுகள் கொஞ்சப்பேர். அவையின்ர தலைவி மாதிரி ராம்கலி எண்டு ஒருத்தி. என்ர வயசுதான் இருக்கும். என்னை "தீதி" எண்டு கூப்பிடுவாள், அக்கா எண்டதுக்கு அவையின்ர சொல்லு. எனக்கு அவளின்ர பாசை தெரியாது, அவளுக்கு என்ர பாசை தெரியாது. கையாலையும் கண்ணாலையும் கதைச்சு, ரெண்டாம் கிழமை ஒருத்தியின்ர மாமியாரைப் பற்றி மற்றவள் முறைப்பாடு கேக்கிற அளவுக்கு வந்திட்டம்.

மதில் தேடுறது லேசான வேலையில்லை. மண்ணுக்குள்ளை மண்ணைத் தேடுறது. கல் மதில் எண்டால் அலவாங்கு பட்ட சத்தமே சொல்லித்தரும். மண் கல் மதிலை, மதில் எண்டு தெரியாமலே வெட்டித் தள்ளிப்போடலாம். சிஞோரா என்ன செய்வா எண்டால், நிலத்தை வடிவாச் சுரண்டி மட்டமாக்கி, மெல்லிசாத் தண்ணி தெளிச்சுப்போட்டுப் பார்த்துக்கொண்டு நிப்பா. மண் கல்லு ஒரு வேகத்திலை காயும், இடைச்சாந்து வேறை வேகத்திலை காயும். காயக் காயக் கோடு கோடா மதில் தானாத் தெரிய வரும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அவ வயித்திலை படுத்துக்கிடந்து ஒவ்வொரு கோட்டையும் ஆணியாலை கீறிக்கொண்டு போனா.

மதிலின்ர அடிக்குப் போய், அதுக்குக் கீழை இருந்த மண்ணிலை ஓடு எடுத்தம். அதுதான் முக்கியம். ஒரு வீட்டின்ர அத்திவாரத்துக்குக் கீழை பிளாஸ்ரிக் பை கிடந்தால், அந்த வீடு பிளாஸ்ரிக் வந்தாப் பிறகுதானே கட்டினது. அது மாதிரி மதிலுக்குக் கீழை கிடக்கிற ஓடுதான் மதிலின்ர வயசுக்குச் சாட்சி. பைகள் வந்தது. அரைவாசி கழுவினம். எல்லாம் சாம்பல் நிற ஓடு. சிஞோரா அண்டைக்கு மிஸ்ராவோடை சண்டை பிடிக்கேல்லை.

பிறகு தீபாவளி வந்தது. எங்களுக்கு லீவு, பக்கத்து ரவுணுக்குப் போட்டு வந்தம். திரும்பி வந்து முற்றத்தைப் பார்த்தால், கண்ணாடி மாதிரிக் கிடக்குது. அந்த ஊரிலை தீபாவளிக்கு முந்தி வீடு வாசலைச் சாணியும் மண்ணும் கலந்து மெழுகுவினம். லக்குமி வாற நாளெண்டு எங்கட முற்றத்தையும் விடேல்லை. பாயளை எல்லாம் சுருட்டி, மெழுகிப்போட்டு, ஓடுகளை வடிவா அடுக்கி வைச்சிருக்கினம். சாம்பல் ஒரு குவியல், கறுப்பு ஒரு குவியல், சிவப்பு ஒரு குவியல். குசினியிலை ஏனம் அடுக்கிற மாதிரி, பெரிசு கீழை, சின்னன் மேலை. கழுவாத பைகளையும் எங்களுக்கு உதவி எண்டு கழுவி அதுக்குள்ளையே சேர்த்திட்டினம். சீட்டுகள் எல்லாம் ஒரே கட்டாய், பறக்காமல் மேலை ஒரு கல். நடுவிலை ராம்கலி, புதுச் சீலையோடை, நல்லாயிருக்கோ தீதி எண்டு கேக்கிற மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள்.

நான் அப்பிடியே குந்திட்டன். எந்த ஓடு மதிலுக்குக் கீழை, எது மேலை எண்டு இனிக் கடவுளுக்குத்தான் தெரியும். சிஞோராவின்ர அவ்வளவு கால வேலையும் சாணி மெழுக்கோடை போட்டுது எண்டு எனக்கு அழுகை வந்தது. மிஸ்ராவுக்கு முகம் சிவந்திட்டுது. இவளை இண்டைக்கே நிப்பாட்டோணும் எண்டு நிண்டார். சிஞோரா சீட்டுக் கட்டைக் கையிலை எடுத்து, ஒவ்வொண்டாப் பார்த்து, திருப்பி வைச்சா.

"மிஸ்ரா, இவவுக்குச் சீட்டு ஏன் எண்டு நீங்கள் சொன்னீங்களோ?" எண்டு இங்கிலீசிலை கேட்டா.

"இல்லை, மேடம்."

"நானும் சொல்லேல்லை. கழுவச் சொன்னம், காயவைக்கச் சொன்னம். ஏன் எண்டு சொல்லேல்லை. அப்ப நிப்பாட்டுறதெண்டால் எங்கள் ரெண்டு பேரையும்தான் நிப்பாட்டோணும்."

மிஸ்ரா சாம்பல் குவியலிலை ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதுக்கு நான் அந்த மனுசனை இண்டைக்கும் கும்பிடுவன். "மேடம், கீழ்ப்பைகளிலை சாம்பல் இருந்ததை நீங்கள் கண்ணாலை கண்டனீங்கள். நானும் கண்டன். அதை எழுதுங்கோ. நான் எதிர்த்துக் கதைக்கமாட்டன்" எண்டார். எதிர்க்கட்சி ஆள் தன்ர வாயாலை சொல்லுறார். நானெண்டால் அந்த இடத்திலையே ஓம் எண்டிருப்பன்.

சிஞோரா தலையாட்டி மறுத்திட்டா. "அரைவாசிதான் பார்த்தம். மற்ற அரைவாசியிலை என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாது. நான் பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்த்தனோ எண்டும் தெரியாது. இது முழுக்க இனிச் சாட்சியில்லை. வேறை இடத்திலை மதிலை வெட்டுவம்." அவ்வளவுதான். குவியல் மூண்டும் சாக்கிலை போய் ஒரு மூலைக்குப் போட்டுது.

அண்டைக்குப் பின்னேரம் அவ ராம்கலியின்ர வீட்டை போனவ, என்னையும் மிஸ்ராவையும் கூட்டிக்கொண்டு. அங்கை வாசல்படி ஓரத்திலை மெழுக்கு உடைஞ்ச இடமொண்டு இருந்தது. ஒவ்வொரு வருசமும் மெழுகின பூச்சு ஒண்டுக்கு மேலை ஒண்டாய், அப்பளக்கட்டு மாதிரித் தெரிஞ்சுது. சிஞோரா முழங்காலிலை நிண்டு அதைத் தடவித் தடவிப் பார்த்தா. அடிப் பூச்சொண்டிலை ஒரு சிவப்புக் கண்ணாடிக் காப்புத் துண்டு செருகிக் கிடந்தது. இது ஆரின்ரை எண்டு மிஸ்ராவைக் கொண்டு கேப்பிச்சா. ராம்கலி யோசிச்சுப்போட்டு, தன்ர மாமியின்ரை, தான் கலியாணம் முடிச்சு வரமுந்தி அவ போட்டிருந்தது எண்டாள். "எப்பிடித் தெரியும்?" எண்டு மிஸ்ராவைக் கொண்டு கேப்பிச்சா. "நான் வந்தாப் பிறகு மெழுகினது எல்லாம் இதுக்கு மேலை கிடக்குதே" எண்டு ராம்கலி சொன்னாள். சொல்லிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். விளங்கிட்டுது. ஓடு எந்த அடுக்கெண்டு சொல்லுற சீட்டைக் கலைச்சு, தான் என்ன செய்துபோட்டன் எண்டும் விளங்கிட்டுது. என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு அவள் அழுத அழுகை.

மதிலுக்குக் கீழை கறுப்பு வந்தால் சிஞோரா தோப்பா எண்டதையும் மிஸ்ரா அவளுக்கு அண்டைக்கே விளங்கப்படுத்தினார். அடுத்தநாள் தொடக்கம் சீட்டுக்குக் காவல் அவள்தான். ஒரு பெண்டு சீட்டைக் கல்லுக்கு வெளியாலை வைச்சால் ராம்கலி போடுற சத்தம் குழிவரைக்கும் கேக்கும். அனுமதிப் பருவம் முடியப்போகுது எண்டு ஆக்கள் எல்லாரும் ஓட்டமும் நடையுமா மேட்டின்ர வடக்குப் பக்கத்திலை ஒடுக்கமா ஒரு குழி வெட்டினவை. சிஞோரா திரும்பவும் தண்ணி தெளிச்சு, காயும்வரை நிண்டு, கோடு கீறி, மதிலின்ர அடிக்குப் போனா. எலி வளை இருக்கோ, ஆரும் பிறகு தோண்டின கிடங்கு இருக்கோ எண்டு வயித்திலை கிடந்து டோர்ச் அடிச்சுப் பார்த்து, ஒண்டுமில்லை, மண் கலையேல்லை எண்டு தானே சீட்டிலை எழுதிக் கையெழுத்து வைச்சுப் பையைக் கட்டி அனுப்பினா.

அந்தப் பையை நானும் ராம்கலியும் ரெண்டுபேரும் மட்டும் கழுவினம். சாம்பல் வந்தது. திரும்பச் சாம்பல். சிவப்பு ரெண்டு மூண்டு. நான் சிரிச்சுக்கொண்டு அடுத்த ஓட்டை எடுத்தன். அப்பத்தான் ராம்கலியின்ர தூரிகை நிண்டுது. அவள் என்னைப் பார்க்கேல்லை. கையை வாளிக்குள்ளை இருந்து எடுத்து, சீலைத் தலைப்பிலை எதையோ முடிஞ்சு இடுப்பிலை செருகினாள்.

நான் கையை நீட்டினன். தலையாட்டி மறுத்தாள். திரும்ப நீட்டினன். அவள் முடிச்சை அவிட்டு, எனக்கு மட்டும் தெரியிற மாதிரிக் காட்டினாள். நகத்தளவு கறுப்பு ஓடு. ஈரத்திலை மினுங்கின மினுக்கம், என்ர முகம் அதிலை தெரிஞ்சுது. அந்த மேட்டிலை நான் கண்டதுகளுக்குள்ளை அதுதான் வடிவு. அது மதிலுக்குக் கீழை இருந்ததெண்டால் மதில் பிந்தினது. சிஞோராவின்ர புத்தகம் பிழை.

ராம்கலி அதைத் திரும்ப முடிஞ்சு, குழிப்பக்கம் சிஞோராவைக் காட்டி, தன்ர நெஞ்சிலை கை வைச்சு, ஏதோ மெதுவாச் சொன்னாள். சொல்லு ஒண்டும் விளங்கேல்லை, சொன்னது முழுக்க விளங்கிச்சுது. "எனக்கு வேலை போகாமல் காப்பாத்தின மனிசி, அவவுக்கு இதை நான் செய்யமாட்டன்" எண்டதுதான். எனக்கும் அப்பிடித்தான் கிடந்தது. என்ர பிள்ளையளின்ர படிப்பு, எங்கட வீடு, எல்லாம் அந்த மனிசியாலை வந்தது. நகத்தளவு துண்டு. ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை.

சிஞோரா கோப்பையோடை வந்து நிண்டா. "முடிஞ்சுதே, புவனா?"

எனக்கு அவவின்ர முகத்தைப் பார்க்க ஏலேல்லை. பக்கத்திலை இருந்த சீட்டைப் பார்த்தன். எலி வளை இல்லை, கிடங்கு இல்லை எண்டு அவவின்ர கையெழுத்து. "இன்னும் ஒண்டு கிடக்குது, சிஞோரா" எண்டன்.

ராம்கலி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் காணாது. ஆனா அவள் எழும்பினாள். தானே முடிச்சை அவிட்டு, சிஞோராவின்ர உள்ளங்கையிலை வைச்சுப்போட்டுக் குனிஞ்சு நிண்டாள். சிஞோரா வழமை மாதிரி முதல்லை சீட்டைத்தான் வாசிச்சா. பிறகு ஓட்டைத் திருப்பினா, பெருவிரலாலை துடைச்சா. கதிரை ஒண்டும் இல்லை, பழப்பெட்டியைக் கவிழ்த்து அதிலை இருந்தா. கனநேரம் இருந்தா. கோப்பையிலை தேத்தண்ணி ஆறி ஆடை படிஞ்சுது.

மிஸ்ரா வந்து பார்த்துப்போட்டு, "ஒரு துண்டுதானே, மேடம். எலி இழுத்திருக்கலாம்" எண்டார். பாவம், வெண்ட மனுசன் கெஞ்சுறார்.

"எலி இல்லை. நான் படுத்துப் பார்த்தனான். நீங்கள் சொன்னதுதான் சரி, மிஸ்ரா" எண்டு சொல்லி எழும்பி அவருக்குக் கை குடுத்தா. பிறகு ராம்கலியிட்டைப் போய் அவளின்ர ஈரக் கையை ரெண்டு கையாலையும் பிடிச்சா. மிஸ்ராவைப் பார்த்து, இதை இவவுக்கு அப்பிடியே சொல்லுங்கோ எண்டா. "நீ இதை ஒளிச்சிருந்தால் நான் சாகுமட்டும் சந்தோசமாப் பிழையா இருந்திருப்பன்." மிஸ்ரா அதை ராம்கலிக்கு ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

பலேர்மோவுக்கு வந்து, பென்சனுக்கு முந்தி சிஞோரா யூனிவேர்சிற்றியிலை கடைசிப் பேச்சுப் பேசினவ. மண்டபம் நிரம்பி ஆக்கள் படியிலையும் இருந்தவை. நான் மனுசனையும் கலியாண வீட்டுக் கோட்டோடை கூட்டிக்கொண்டு போனன். அவ வேறை ஒரு முன்னுரையும் சொல்லேல்லை. திரையிலை அந்தக் கறுப்பு ஓட்டைச் சுவரளவு பெரிசாப் போட்டா. "மதிலைப் பற்றி என்ர புத்தகத்திலை எழுதினது பிழை. இதை மதிலுக்குக் கீழை இருந்து வந்த பையிலை கண்டு எனக்குத் தந்தவ ராம்கலி" எண்டு சொல்லி, எப்பிடிப் பிழை எண்டு ஒவ்வொரு படமாக் காட்டினா. முடிய எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. நிப்பாட்டாமல் தட்டினவை. நான் அழுதுகொண்டு நிண்டன்.

மனுசன் என்ர காதுக்குள்ளை, "என்னப்பா இது, மனிசி தோத்துப்போய் நிக்குது, இவை ஏன் கை தட்டுகினம்?" எண்டு கேட்டார்.

"ஆர் தோத்தது? அந்த மதில் எப்ப கட்டினதெண்டு முந்தி ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும். நீங்களும் தட்டுங்கோ" எண்டன்.